என் உள்ளங்காலில் ஒரு வடகடல் மீன்

ஐஸ்லாந்துக்கு வந்த புதிதில் எல்லாமே அந்நியமாக இருந்தபோது ஒரே ஒரு வழக்கம் மட்டும் எங்கள் ஊரை ஞாபகப்படுத்தியது. இங்கே யார் வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட வேண்டும். எங்கள் தூத்துக்குடிக் கடற்கரையில் பழைய ஆட்கள் ஷூவைச் சப்பாத்து என்றுதான் சொல்வார்கள். எனக்கும் அதுதான் வாயில் வருகிறது. வீட்டில் மட்டுமில்லை, பள்ளிக்கூடத்திலும் பல் டாக்டரின் கிளினிக்கிலும்கூட அப்படித்தான். வெள்ளைக்காரர்கள் கட்டில் வரைக்கும் பூட்ஸோடு போவார்கள் என்று சினிமா பார்த்து நம்பியிருந்தவன் நான். வங்கி மேலாளர் ஒருவரின் கட்டைவிரல் காலுறை ஓட்டை வழியாக எட்டிப் பார்த்ததைக் கண்டபோது, இந்த ஊரில் பிழைத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தைரியம் வந்தது. இப்போது நிலைமை தலைகீழ். எல்லாரும் கழற்றும் இடத்தில் கழற்றாத ஒரே ஆள் நான்தான். பையிலிருந்து வீட்டுக்குள் போடுவதற்கென்றே வைத்திருக்கும் இன்னொரு சோடியை எடுத்து, வாசலில் உட்கார்ந்து மாற்றிக்கொண்டு உள்ளே போகிறேன். வீட்டுக்காரர் முகத்தில் கேள்வி தெரிந்தால் ‘சிக்கூர்சீகி’ என்பேன். சிக்கூர் என்றால் சர்க்கரை, சீகி என்றால் வியாதி. உலகத்தின் உச்சியில் இருக்கும் இந்தத் தீவிலும் நம்மைப் போலவே ‘சர்க்கரை வியாதி’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தை போதும், வழிவிட்டு ஒதுங்கிவிடுவார்கள்.

ஊரில் நான் இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் குளிர்பதன இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வேலைதான் என்னை இங்கே கொண்டுவந்தது. மேற்குக் கரையில் ஒரு சின்னத் துறைமுக ஊர். மீனை உறையவைக்கும் ஆலையில் கம்ப்ரஸர் மெக்கானிக் நான். மனைவி ஜெனோவா ஒரு பாலர் பள்ளியின் சமையலறையில் வேலை செய்கிறாள். சர்க்கரை எனக்கு ஊரிலேயே வந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் அது புதிதில்லை. அப்பா தோணியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போனவர். ஒரு சிப்பி கிழித்த காயம் ஆறாமல் போய், கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் கடல் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. கட்டிலைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போடச் சொல்லிவிட்டார். அதனால் சர்க்கரை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கும் என் அண்ணன் லூர்துக்கும் நாக்கு இனிக்காது, கால்தான் கனக்கும். ஆனாலும் இரண்டு பேரும் ஒருநாள்கூடக் குனிந்து எங்கள் உள்ளங்காலைப் பார்த்ததில்லை. உள்ளங்காலைப் பார்ப்பது ஒரு வேலை என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

ஒரு குளிர்காலத்துச் சாயங்காலம் ஆலையிலிருந்து வந்து, வழக்கம்போல வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நடந்தேன். ஜெனோவா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் பார்வை என் மேல் இல்லை, எனக்குப் பின்னால் தரையில் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். வாசலிலிருந்து நான் நிற்கும் இடம் வரை மரத்தரையில் சிவப்பாகப் பாதி பாதிப் பாதங்கள். சத்தியமாகச் சொல்கிறேன், யாருக்கோ அடிபட்டிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

“யாருக்கு ரத்தம்?” என்று அவளிடமே கேட்டேன்.

“ஒங்களுக்குத்தான்,” என்றாள். 

கருநீலக் கம்பளிக் காலுறை. ரத்தம் ஊறியிருந்தாலும் அதில் வெளியே தெரியவில்லை. பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டியபோது ஒரு சின்ன இரும்பு நட்டு விழுந்தது. இயந்திரத்தைக் கழற்றும்போது என் கையிலிருந்தே தவறி உள்ளே விழுந்திருக்க வேண்டும். வேலை நேரம் முழுக்க அதன் மேல் நின்றிருக்கிறேன், ஏணி ஏறியிருக்கிறேன், சிரித்துப் பேசியிருக்கிறேன். வலி என்ற ஒன்று வரவே இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த பயம் காயத்தைப் பார்த்து வந்ததில்லை. என் உடம்பின் ஒரு பகுதி எனக்குச் சொல்லாமலே என்னைவிட்டுப் போயிருக்கிறது என்ற பயம்.

மறுநாள் கிளினிக்கில் என் காலைப் பார்த்தவள் ஹில்டுர் என்ற நர்ஸ். கால் பராமரிப்பு மட்டுமே அவள் வேலை. ஐம்பது வயதிருக்கும். ஒரு குட்டை ஸ்டூலை இழுத்துப் போட்டு, என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் கூச்சத்தில் காலை இழுக்க, அவள் விடவில்லை. என்னைக் கண்ணை மூடச் சொன்னாள். பிறகு ‘ஃபின்னுர்தூ?’ என்று கேட்டாள். அந்தச் சொல்லுக்கு ‘கண்டுபிடித்தாயா’ என்று மட்டும்தான் எனக்கு அப்போது அர்த்தம் தெரியும். நான் கண்ணைத் திறந்து தரையைச் சுற்றும் முற்றும் பார்த்து, எதையும் தொலைக்கவில்லையே என்று என் அரைகுறை ஐஸ்லாந்து மொழியில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த நைலான் இழையைக் காட்டினாள். தூண்டிலுக்குப் போடும் தங்கூசியேதான், ஒரு கைப்பிடியில் செருகியிருந்தது. அதன் நுனியால் என் பாதத்தை அங்கங்கே அழுத்தி, ‘தெரிகிறதா’ என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இவர்கள் மொழியில் கண்டுபிடிப்பதற்கும் உணர்வதற்கும் ஒரே சொல். நான் தொலைத்திருந்தேன் என்பது அப்போதுதான் விளங்கியது.

எலும்பைத் தொடவில்லை என்று எக்ஸ்ரே சொன்னது. காயத்தைச் சுத்தம் செய்தார்கள், மருந்து கொடுத்தார்கள், பாதத்தில் பாரம் விழாமல் இருக்கப் பெரிய பிளாஸ்டிக் பூட்ஸ் ஒன்றை மாட்டிவிட்டார்கள். வாரங்கள் போயின. புண் மூடவில்லை. விளிம்பு வெளுத்து, நடுவில் ஒரு குழி அப்படியே நின்றது. டாக்டர் மிகவும் மென்மையான குரலில், இரண்டு விரல்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவர் பேசியதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. அப்பாவின் கட்டில் சுவரைப் பார்த்துக் கிடந்ததுதான் கண்ணில் நின்றது. வீட்டுக்கு வந்ததும் ஜெனோவா செபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஊரில் எங்கள் கோயிலில் இருப்பவள் பனிமய மாதா. பனியே பெய்யாத ஊரில் இருந்துகொண்டு அந்தப் பெயரைச் சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். சன்னலுக்கு வெளியே நிஜமான பனி கொட்டிக்கொண்டிருந்தது.

விரல்களை எடுப்பதற்கு முன் இன்னொன்றைச் செய்து பார்க்கலாம் என்றார் டாக்டர். அடுத்த முறை போனபோது ஹில்டுர் ஒரு சின்ன உறையைப் பிரித்தாள். உள்ளங்கையைவிடச் சிறியதாக, வெளிறிய, காய்ந்த துண்டு ஒன்று. உப்பு நீரில் போட்டதும் அது இளகித் துவண்டது. வெளிச்சத்தில் பிடித்தாள். வரிசை வரிசையாகச் சின்னப் பைகள் போன்ற அடையாளங்கள். எத்தனை வருஷம் மீனோடு வாழ்ந்தவன் நான்! செதில் இருந்த இடம் எனக்குத் தெரியாதா? ‘தோர்ஸ்குர்?’ என்றேன். தோர்ஸ்குர் என்றால் இவர்களுடைய காட் மீன். ஆமாம் என்றாள். நான் வேலை பார்க்கும் ஆலையில் ஒரு இயந்திரம் நாள் முழுக்க இந்த மீனின் தோலைத்தான் உரித்துத் தொட்டியில் தள்ளிக்கொண்டிருக்கும். அந்தத் தோலைக் கழுவி, மீனின் உயிரணுக்களையெல்லாம் நீக்கி, வெறும் சல்லடை போலாக்கி, ஆறாத புண்ணில் வைப்பார்களாம். அவள் அதை என் குழியின் அளவுக்குக் கத்தரித்து உள்ளே பதித்து, மேலே கட்டுப் போட்டாள். பழைய காலத்தில் இந்த நாட்டு ஏழைகள் மீன் தோலில்தான் சப்பாத்து தைத்துப் போட்டார்கள் என்றும், ஒரு மலையைக் கடக்க எத்தனை சோடி தேயும் என்று சொல்லித்தான் தூரத்தைக் கணக்கிட்டார்கள் என்றும் கட்டுப் போட்டபடியே சொன்னாள்.

ஒரு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது மீன் தோலைப் பெரும்பாலும் காணவில்லை. குழி ஆழம் குறைந்து, அடியில் இளஞ்சிவப்பாகச் சதை தளிர்த்திருந்தது. விழுந்துவிட்டதோ என்று பதறி, எங்கே போயிற்று என்று கேட்டேன். அவள் என் காலைச் சுட்டி, உனக்குள்தான் என்றாள். மறுபடி ஒரு துண்டு வைத்தாள். அதுவும் உள்ளே போயிற்று. வாரத்துக்கு வாரம் குழி மேலேறி, பனி விலகும் நாட்களில் முழுதாக மூடிவிட்டது. கடவுள் நம்பிக்கை உள்ள நான் அற்புதம் என்ற சொல்லைக் கோயிலில் நிறையக் கேட்டிருக்கிறேன். அது இப்படி உப்பு வாடையோடு, கத்தரிக்கோல் சத்தத்தோடு வரும் என்று நினைத்ததில்லை. அன்றைக்கு ஆலைக்குப் போய், உரிபட்டு விழும் தோல்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். வேலை ஓடவில்லை.

கடைசி நாளில் ஹில்டுர் காலுறைகளைக் கொடுத்து, ‘சொக்கர்’ என்றாள். மதுரைச் சொக்கரை இவளுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் விழித்தேன். காலுறைக்கு இவர்கள் மொழியில் அதுதான் பெயராம். விரலை உரசும் தையல் இல்லாதது, கெண்டைக்காலை இறுக்காத விளிம்பு, அடியில் மெத்தென்று பஞ்சு. நிறம் வெள்ளை, அழகுக்காக இல்லை: ஒரு துளி ரத்தம் கசிந்தாலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. இனிமேல் உன் காலுக்குப் பதில் கண்தான் உணர வேண்டும் என்றாள். தினமும் தரையில் கண்ணாடி வைத்துப் பாதத்தைப் பார், சப்பாத்துக்குள் கையை விட்டுத் தடவிவிட்டுப் போடு, குளிக்கும் நீரின் சூட்டை முழங்கையால் பார், வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதே. உணர்ச்சி திரும்பாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

அந்த வருஷம் ஊருக்குப் போனபோது பெட்டியில் பாதி வெள்ளைக் காலுறைதான். எல்லாம் லூர்து அண்ணனுக்கு; அவனுக்கும் சர்க்கரை. அண்ணன் அந்தக் காலத்தில் சங்கு குளித்தவன். இப்போது மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் கூறுகிறான். வெயிலில் காயும் சிமென்ட் தரையிலும் ஐஸ் தண்ணியிலும் வெறுங்காலோடுதான் நிற்பான். மாப்பிள்ளையூரணியில் இருக்கும் அவன் வீட்டில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஹில்டுரிடம் கேட்டு வாங்கி வந்திருந்த நைலான் இழையை எடுத்தேன். என்னல தங்கூசிய வச்சு விளையாடுத என்று சிரித்தான். கண்ணை மூடச் சொன்னேன். முதலில் தொட்டேன். தெரியுது என்றான். அடுத்த இடம், தெரியுது. பிறகு நான் கையைத் தூக்கி வெறுமனே வைத்திருந்தேன்.

“இப்பமும் தொட்ட. தெரியுது,” என்றான் அண்ணன், கண்ணை இறுக்க மூடியபடி.

மதினி சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் காலை எடுத்த பிறகு அந்தப் புண்ணுக்குத் துணி மாற்றியவள் அவள்தான்.

“தம்பி கை மேல இருக்கு,” என்றாள் மெதுவாக. “ஒங்க கால்ல இல்ல.”

அண்ணன் கண்ணைத் திறந்தான். என் கையைப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான். அவன் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. ஆழத்தில் மூச்சு முட்டி மேலே வந்த நாட்களைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொல்பவன் அவன்.  என் காலைக் காட்டச் சொன்னான். காலுறையைக் கழற்றிக் காட்டினேன். மீன் தோல் வைத்த கதையைப் போனில் சொன்னபோது அவன் நம்பவில்லை. இப்போது கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவினான். என்ன மீன், எப்படி இருக்கும் என்று கேட்டான். பார்க்கக் கொஞ்சம் பன்னா மீன் சாயல், தாடைக்குக் கீழே ஒற்றை மீசை என்றேன். தழும்பிலிருந்து அவன் விரல் நகரவே இல்லை.

“நாம கடலுக்குள்ள போவோம், தெரியும். கடல் நமக்குள்ள வாரத இப்பதாம்ல பாக்கேன்,” என்றான்.

பிறகு காலை நீட்டினான். மதினி குனிந்து வெள்ளைக் காலுறையை மாட்டிவிட்டாள். மறுநாள் ஏலக்கூடத்துக்கு அதையும் போட்டு, நான் வாங்கிக் கொடுத்த மூடிய சப்பாத்தையும் போட்டுக்கொண்டு போனான். கல்யாணமா அண்ணாச்சி என்று வியாபாரிகள் கேலி செய்தார்களாம். ஆமா, காலுக்குக் கல்யாணம் என்றானாம். ஊரில் ஒரு டாக்டரிடம் காட்டி மாத்திரையும் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தான். இதுவரைக்கும் புண் இல்லை.

நான் திரும்பி வந்த பிறகு எங்களுக்குள் ஒரு புது வழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ போடுவோம். முகம் பார்த்துக்கொள்வது கொஞ்ச நேரம்தான். உடனே மதினி போனை அவன் பாதத்துக்குக் கீழே கொண்டுபோவாள். நான் குதிகால், விரலிடுக்கு, ஓரம் என்று பார்ப்பேன். பிறகு ஜெனோவா என் காலைக் காட்டுவாள், அவன் பார்ப்பான். உலகத்தில் இப்படி ஒருவர் உள்ளங்காலை ஒருவர் பார்த்துக்கொள்ளும் அண்ணன் தம்பிகள் இருக்கிறார்களா தெரியவில்லை. இருந்தால் அவர்களில் ஒருவனாவது ஊரைவிட்டுப் போனவனாக இருப்பான்.

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே காலை, வெளியே வெளிச்சம் வரவில்லை. அங்கே நல்ல வெயில். அண்ணனின் உள்ளங்கால் திரையை நிறைத்துக்கொண்டு வந்தது. காயமில்லை, சிவப்பில்லை. ஆனால் விரல்களின் மடிப்பில் பொடியாக ஏதோ மின்னியது. போனைக் கிட்டே கொண்டுவரச் சொன்னேன். மணல். காலையிலேயே சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிப்போட்டுவிட்டுக் கடற்கரைக்கு நடந்திருக்கிறான். என்னல, ஏதும் இருக்கா என்று அவன் குரல் கேட்டது. மதினிக்குத் தெரியாது போலிருந்தது. கண்டிக்க வேண்டும், உடனே கழுவித் துடைக்கச் சொல்ல வேண்டும், சொல்லவும் செய்தேன். ஆனால் சொல்வதற்கு முன், போன் அசையாமல் அப்படியே இருக்கட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, எங்கள் கரையின் அந்த நாலைந்து மணல் துகள்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.