தொட்டில் ஸ்பிரிங்குக்கு நிக்கல் பூசினேன்

என் மகள் பிறந்தபோது செம்பாக்கத்தில் குடியிருந்தோம். தொட்டில் கட்ட வைத்திருந்த ஸ்பிரிங்கின் துத்தநாகப் பூச்சு வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. குழந்தையின் வாயில் விழுமே என்று, தாம்பரத்தில் சைக்கிள் ரிம்முக்கு முலாம் பூசும் பட்டறையில் கொடுத்து நிக்கல் பூசி வாங்கினேன். வெள்ளி போல மின்னியது.

தொட்டிலிடும் நாளன்று என் அக்கா, வழக்கப்படி முதலில் குழவிக்கல்லைத் தொட்டிலில் கிடத்தி ஆட்டினாள்.

"கல்லுக்கு எதுக்குக்கா தாலாட்டு? பாப்பாவுக்குத் தூக்கம் வருது" என்று சிடுசிடுத்தேன்.

"இருடா, ஒரு பாட்டு முடியட்டும்."

பாட்டு முடியவில்லை. ஸ்பிரிங் படீரென்று இரண்டாக முறிந்தது. விழுந்த கல் சிமெண்டுத் தரையைப் பெயர்த்தது. மனைவியின் மடியிலிருந்த குழந்தை வீறிட்டது.

துண்டுகளைப் பட்டறைக்காரரிடம் காட்டினேன்.

"இன்னா சார், தொட்டிலுக்குன்னு சொல்லக் கூடாதா? ஜிங்க் மேல நிக்கல் நிக்காதுன்னு, அத்த ஆசிட்ல கரைச்சு எடுத்தேன். ஆசிட்ல ஊறுன ஸ்பிரிங் முறுக்கு மாதிரி ஒடஞ்சிடும் சார்."

பாரம் தாங்கும் எதையும் இப்போது நான் முலாம் பூசக் கொடுப்பதில்லை. தெருவில் யார் வீட்டில் தொட்டில் கட்டினாலும் குழவிக்கல்லோடு முதல் ஆளாய்ப் போய் நிற்கிறேன். பாட்டு முழுதாக முடியும்வரை குழந்தையைக் கிடத்த விடுவதில்லை.