மூக்கு இல்லாமல் பொலோனியாவுக்கு

காலையில் பாலை எடுத்தால் நான் முதலில் பார்ப்பது அதன் திகதியை. ஒருமுறை அல்ல, இரண்டு முறை. ஊரில் யாரும் பாலை வாசித்துப் பார்த்து நான் கண்டதில்லை. செம்பைத் தூக்கி மூக்குக்குக் கிட்டப் பிடித்தால் குடிக்கலாமா கொட்டலாமா என்று தெரிந்துவிடும். கனடாவில் பால், பாண், முட்டை, தயிர் என்று எல்லாவற்றிலும் திகதி அடித்துவிடுகிறார்கள். வந்த புதிதில் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம், இந்தச் சனத்துக்கு மூக்கே இல்லையோ என்று. இப்போது எனக்குத்தான் மூக்கு இல்லை.

முகத்தில் இருக்கிறது, பெரிதாகவே இருக்கிறது. வேலைதான் செய்வதில்லை. மூன்று வருடங்களுக்கு முன் கொரோனா வந்தது. காய்ச்சல் ஐந்து நாளில் போனது. அதோடு போன மணம் திரும்பி வரவில்லை. நாக்குக்கு உப்பு, புளிப்பு, இனிப்பு, கைப்பு மட்டும் ஏதோ தெரியும். மற்றபடி கோப்பியும் தேத்தண்ணியும் எனக்கு ஒன்றுதான். குடும்ப வைத்தியர், சிலருக்கு வரும் சிலருக்கு வராது என்றார். அவரைத் தவிர வேறொருவருக்கும் நான் இதைச் சொல்லவில்லை. மனைவி வசந்தாவுக்கும் சொல்லவில்லை. ஏனென்றால் நான் சமையல்காரன்.

மேற்கு ரொறன்ரோவில் ஓர் இத்தாலிய உணவகத்தில் இருபத்தாறு வருடங்களாக வேலை செய்கிறேன். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் சிரிப்பீர்கள். இங்கே இருப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள். இந்த நகரத்தில் ஓர் இத்தாலியச் சமையலறையின் பின்கதவைத் தட்டினால் திறக்கிறவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயாகவோ கரவெட்டியாகவோ இருப்பது புதினமே இல்லை. பார்க்டேலில் ஒரே அறையில் ஆறு பேராகக் கிடந்த காலத்தில் கோப்பை கழுவப் போனவன் நான். கோப்பையிலிருந்து சலாட்டுக்கு வந்தேன், சலாட்டிலிருந்து அடுப்புக்கு. முதலாளி வட இத்தாலிக்காரர். அவர் இறந்தபோது கடை அவருடைய மகள் கிளோடியாவுக்குப் போனது. தக்காளியும் இறைச்சியும் போட்டு ஐந்து மணித்தியாலம் காய்ச்சுகிற அவருடைய சோஸ் எனக்கு வந்தது. அந்தச் சோஸுக்காகத்தான் ஆட்கள் வருகிறார்கள்.

மணம் தெரியாதவன் எப்படிச் சமைத்தான் என்று கேட்பீர்கள். கோயிலில் அன்னதானத்துக்குச் சமைத்தவர்களுக்கு விளங்கும். சாமிக்குப் படைக்க முதல் வாயில் வைக்கக்கூடாது. உப்புப் பார்க்கவும் விடமாட்டார்கள். ஊர்க் கோயிலிலும் பிறகு இங்கே ஸ்காபரோவிலும் கிடாரம் கிடாரமாகச் சாம்பார் வைத்தவன் நான். கொதிக்கிற சத்தத்தையும், ஓரத்தில் எண்ணெய் பிரிகிற நிறத்தையும், கையளவையும் நம்பித்தான் இறக்குவோம். இந்த மூன்று வருடமும் இத்தாலியச் சோஸைப் படையலைப்போலவே காய்ச்சினேன். கடைசியில் மற்றவர்கள் பார்க்க ஒரு கரண்டி வாயில் வைத்துத் தலையாட்டுவேன். அது நடிப்பு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன் என்று உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

போன மாதம், மத்தியானக் கூட்டம் போய் இரவுக் கூட்டம் வர முதல், கிளோடியா மடிக்கணினியோடு சமையலறைக்குள் வந்தாள்.

"தவா, ஏப்ரலில் ஒன்பது நாள் கடையைப் பூட்டுகிறோம். நீயும் உன் மனைவியும் நானும் இத்தாலிக்குப் போகிறோம். ரயிலில் ஊர் ஊராகப் போய்ச் சாப்பிடப் போகிறோம். எங்கே என்ன சாப்பிடுவது என்று நீதான் திட்டம் போடவேண்டும்."

"நானா?"

"அப்பா உன் நாக்கைத்தானே நம்பினார்."

தப்புவதற்கு வழி தேடி, "என் மனைவிக்குச் சீஸ் சரிவராது" என்றேன். அவள் உடனே பேனாவை எடுத்து, "அலர்ஜியா? எழுதிக்கொள்கிறேன்" என்றாள். வசந்தாவுக்கு அலர்ஜியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சீஸ் என்றால் சாக்குத் துணி மணக்குது என்பாள், அவ்வளவுதான்.

வசந்தாவிடம் சொன்னபோது அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கு இன்னும் பயம் வந்தது. "ஆரின்ரையும் கலியாணமோ செத்தவீடோ இல்லாமல் ஒரு இடத்துக்குப் போறது இதுதான் முதல்தரம், என்னப்பா" என்றாள். உண்மைதான். லண்டன், பாரிஸ், சூரிச் என்று நாங்கள் போன இடமெல்லாம் சொந்தக்காரரின் மண்டபமும் அவர்களுடைய வரவேற்பறையும்தான். அன்றைக்கே சின்ன ரைஸ் குக்கரை அலுமாரியிலிருந்து இறக்கி, பயணப்பெட்டிக்குள் கொள்ளுமா என்று வைத்துப் பார்த்தாள்.

எங்கள் மார்க்கம் வீட்டின் குசினி மேசையில் திட்டம் வளர்ந்தது. வட இத்தாலியின் பொலோனியாவில் அறை எடுப்பது, காலையில் ரயில் ஏறிப் போய்ச் சாப்பிட்டு மாலையில் திரும்புவது. மோடெனா அரை மணித்தியாலம், பார்மா ஒரு மணித்தியாலம். மெதுவாகப் போகும் உள்ளூர் ரயில்களுக்கு இடம் பிடிக்கத் தேவையில்லை, ஆனால் கடதாசி டிக்கெட்டை ஏற முதல் இயந்திரத்தில் குத்தவேண்டும். சீஸ் காய்ச்சுவதைப் பார்க்க வேண்டுமென்றால் விடியவே போகவேண்டும். வெள்ளிக்கிழமை விரதம், வசந்தா மீன் இறைச்சி என்று ஒரு மச்சமும் சாப்பிட மாட்டாள், ஆகவே பார்மாவின் பன்றித் தொடையை வெள்ளியில் போட முடியாது. திங்களில் பாதிக் கடை பூட்டு. கடைசி மூன்று நாளுக்கு நாப்போலி போகிற வேக ரயிலுக்கு மட்டும் முன்கூட்டியே டிக்கெட் எடுக்கவேண்டும், எடுத்தால் மாற்ற முடியாது. வெள்ளிக்கிழமை எடுக்கிறேன் என்றாள் கிளோடியா. எந்தக் கடையில் என்ன நன்றாக இருக்கும் என்று இணையத்தில் முன்பின் தெரியாதவர்கள் எழுதியதை வாசித்து, அவர்களின் நாக்கைக் கடன் வாங்கி எழுதினேன். எழுத எழுத ஒரே காட்சிதான் கண்ணுக்கு முன் வந்தது: யாரோ ஒரு துண்டை நீட்டுகிறார்கள், நான் வாயில் வைக்கிறேன், எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

மற்றவர்கள் என் முகத்தைப் பார்க்க நிற்பது எனக்குப் புதிதல்ல. கனடாவுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் யாரோ ஒருவரின் பாஸ்போட்டை என் கையில் தந்து, "முகத்தை மட்டும் சரியா வைச்சிரு, மிச்சம் நான் பாக்கிறன்" என்று சொல்லித்தான் என்னை விமானத்தில் ஏற்றினான். மூன்று விமான நிலையத்தில் அந்த முகத்தோடு நின்றேன். அகதி அந்தஸ்துக் கிடைத்த அன்றைக்கு அந்த முகத்தைக் கழற்றி வைத்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன்.

கிளோடியா அதை மறுபடி போட வைத்தாள். ஒரு நாள் தட்டில் மூன்று சீஸ் துண்டுகளை வைத்து, "பயணத்துக்குப் பயிற்சி. எது எவ்வளவு முதிர்ந்தது, சொல் பார்ப்போம்" என்றாள். பாத்திரம் கழுவுகிறவர்கூட வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். முதிர்ந்த சீஸ் நிறம் மங்கி உதிரும், உள்ளே வெள்ளைப் பரல் இருக்கும், பல்லில் நறநறக்கும். கண்ணாலும் பல்லாலும் பார்த்து மூன்றையும் சரியாகச் சொன்னேன். அவள் கைதட்டினாள். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வென்ற சந்தோஷம் கொஞ்சமும் இல்லை, அந்தப் பெண்ணை ஏமாற்றுகிறேன் என்ற அருவருப்புத்தான் இருந்தது.

போன ஞாயிறு வசந்தா கோயிலுக்குப் போயிருந்தாள். நான் தேத்தண்ணிக் கேத்திலை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, அடுப்புக்குப் பக்கத்து மேசையில் பார்மா ரயில் நேரங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். முன்கதவு திறந்தது. அவள் சப்பாத்தையும் கழற்றாமல் உள்ளே ஓடிவந்து, நெருப்பு அணைந்தும் முழுதாக மூடாமல் கிடந்த அடுப்புக் குமிழைத் திருகி, யன்னல்களைத் திறந்து, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனாள். மாசி மாதப் பனிக்குள் வீட்டில் கட்டியிருந்த சாரத்தோடு நின்றேன்.

"வீடு முழுக்கக் காஸ் மணக்குது. உங்களுக்கு மணக்கேல்லையே?"

"மணந்தது... வெளியில எங்கையோ எண்டு நினைச்சன்."

"அடுப்புக்குப் பக்கத்தில இருந்துகொண்டு?"

பிடிபட்ட கள்ளனின் முழி என்னுடையது. இனி ஒளிக்க வழியில்லை. சொன்னேன்.

"எவ்வளவு காலமா?"

"மூண்டு வருசம்."

அவள் என் கையை விட்டாள். "அப்ப நான் சமைச்சதைச் சாப்பிட்டிட்டு நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு எண்டு சொன்னதெல்லாம்?"

"பிள்ளையள் போன பிறகு நான் உங்கள் ஒராளுக்குத்தானே சமைக்கிறன்" என்றாள், அழுதாள். காஸ் வெடித்திருந்தால்கூட எனக்கு இப்படி வலித்திருக்காது.

காஸ் வெளியேறி நாங்கள் உள்ளே வந்த பிறகும் அவள் கோட்டைக் கழற்றவில்லை. "கிளோடியாவிட்டச் சொல்லுங்கோ" என்றாள்.

"சொன்னால் வேலை போயிடும், வசந்தா. மணம் தெரியாத சமையல்காரனை ஆர் வைச்சிருப்பினம்? இந்த வயசில நான் எங்கை போறது?"

"அவளின்ரை கடையிலயும் காஸ்தானே எரியுது. அங்கை எத்தினை சனம்?"

நான்கு நாள் வாயைத் திறக்க முயன்று முயன்று மூடினேன். வியாழன் மத்தியானம், நாளைக்கு டிக்கெட் என்ற நிலையில், கிளோடியாவைப் பின்பக்கம் கூப்பிட்டு ஒரு விசயம் சொல்லவேண்டும் என்றேன். அவள் முகம் வெளுத்தது.

"வேறு கடையில் கூப்பிட்டார்களா?"

"இல்லை. எனக்கு மணம் தெரியாது."

"சளித் தடிமனா? மாசியில் எல்லோருக்கும்தான்."

"தடிமன் இல்லை. மூன்று வருடமாகத் தெரியாது. கொரோனாவிலிருந்து."

ஒரு காய்கறிப் பெட்டியில் அவள் மெல்ல உட்கார்ந்தாள். வேலை போனது என்று முடிவு கட்டி, ஏப்ரனை அவிழ்க்கக் கையைப் பின்னால் கொண்டுபோனேன்.

"இரண்டு வருடமாகச் சோஸ் உறைத்துக்கொண்டே போகிறது, தவா" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"அம்மா இங்கே சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். பழைய ஆட்கள் தண்ணீர் கேட்கிறார்கள். அப்பா இல்லை, இனி இது உன் சோஸ், நீ தெரிந்துதான் போடுகிறாய் என்று நினைத்தோம். அந்தச் சீஸையும் அவ்வளவு சரியாகச் சொன்னாயே."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"உன்னிடம் நான் எப்படிச் சொல்வது? நான் பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து நீ இந்த அடுப்பில் நிற்கிறாய். அங்கே போய் நீயே சாப்பிட்டுப் பார்த்தால், நான் வாய் திறக்கத் தேவையிருக்காது. அதற்குத்தான் இத்தாலி."

பிறகுதான் எனக்கு உறைப்பின் கதை பிடிபட்டது. உறைப்புக்கு மூக்குத் தேவையில்லை, அது சுடும். மற்றவர்கள் பார்க்க நான் வாயில் வைத்த அந்தக் கடைசிக் கரண்டி ஒவ்வொரு நாளும் சப்பென்று இருந்திருக்கிறது. கை தன்பாட்டில் இன்னொரு சிட்டிகை இடித்த செத்தல் மிளகாயைப் போட்டிருக்கிறது. படையலைப்போலக் காய்ச்சுகிறேன் என்று பெருமைப்பட்ட எனக்கு வெட்கமாக இருந்தது.

கிளோடியா எழுந்து அடுப்பை மூட்டினாள். "ஏப்ரனைக் கட்டு. நாளைக்கு மூன்று டிக்கெட் எடுக்கிறேன், உன் மனைவி மணந்து பார்த்துச் சொல்லட்டும். முதலில் இதைச் சரிசெய்வோம்" என்றாள். காலையிலிருந்து காய்ச்சி மிளகாய் போடாமல் இறக்கிய சோஸை இரண்டு சின்னச் சட்டியில் ஊற்றினாள். முதலாவதில் நான் ஒரு சிட்டிகை போட்டேன். அவள் ருசித்தாள், கண்ணை மூடினாள், "இதுதான். நிறுத்து" என்றாள். நானும் ருசித்தேன். சூடு, ஈரம், உப்பு. வேறொன்றுமே இல்லை. அவள் இரண்டாவது சட்டியை என் பக்கம் தள்ளி, "உனக்குத் தெரிகிற வரைக்கும் போடு" என்றாள். இரண்டு சிட்டிகை, மூன்று, நான்கு. ஐந்தாவதில் நாக்கின் ஓரத்தில் மெல்ல எரிந்தது. எனக்குச் சாப்பாடு அந்த இடத்தில்தான் தொடங்கியது. அவள் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, இருமிக்கொண்டே குழாயைத் திறந்தாள்.

ஐந்து மணிக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதல் சட்டியை அவள் அவர்களுக்காக எடுத்துக்கொண்டு போனாள். மற்றதைப் பின்கதவுக்குப் பக்கத்தில் நின்றபடியே நான் பாணைத் தோய்த்துச் சாப்பிட்டு முடித்தேன்.