பெரியம்மா மடியில் என் மகள் செய்த ஜெபம்

பெற்ற பிள்ளை இன்னொருத்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்குவதைப் பார்த்து உங்களுக்கு வயிறு எரிந்ததுண்டா? எனக்கு எரிந்தது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, இரண்டு வருடம். அந்த எரிச்சலுக்குள் ஆண்டவர் எனக்குச் செய்ததை மறைக்காமல் உங்களுக்குச் சொல்கிறேன்.

என் பெயர் லீமா. அந்தமானில், போர்ட் பிளேயர் டெலானிபூரில் இருக்கிறோம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மீன்பிடிக்க வந்த குடும்பம். நான் வீட்டிலிருந்தே எழுதுகிறவள். மெயின்லேண்ட் கம்பெனிகளுக்குத் தமிழில் விளம்பர வாசகம், வீடியோவுக்கான உரை, பொருட்களைப் பற்றிய விளக்கம் எல்லாம் எழுதித் தருவேன். மாதச் சம்பளம் கிடையாது. எழுதினால் காசு, எழுதாவிட்டால் இல்லை. அதனால் எந்த வேலையையும் வேண்டாம் என்று சொல்லப் பயம்.

எங்கள் தீவில் சீக்கிரம் விடிந்து சீக்கிரமே இருட்டிவிடும். ஆனால் கடிகாரம் மெயின்லேண்டுக்கும் எங்களுக்கும் ஒன்றுதான். அங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது இங்கே விளக்கு போட்டு ஜெபத்துக்கு உட்கார்ந்துவிடுவோம். சரியாக அந்த நேரத்தில்தான் என் போன் அலறும். இதை மாற்று, அதைச் சேர், இன்றைக்கே வேண்டும் என்பார்கள். வீடு மொத்தமும் ஜெபமாலைக்கு முழங்கால் போட்டிருக்க, நான் மட்டும் அடுத்த அறையில் லேப்டாப்புக்கு முன்னால் இருப்பேன்.

அந்த நேரத்தில் என் மகள் ஜெனி உட்காருவது ஸ்டெல்லா அக்கா மடியில். அவர் என் ஓரகத்தி. கணவரின் அண்ணன் கப்பல் வேலையில் பாதி நாள் கடலில் இருப்பதால் எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அக்காவுக்கு அரசாங்க ஆபீஸ் வேலை. சாயங்காலம் பையைத் தொங்கவிட்டுவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. இரண்டாம் வகுப்பு படிக்கிற ஜெனிக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். அவள் ‘அருள் நிறைந்த மரியே’ சொன்னால் அப்படியே அக்காவின் இழுவை வரும். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வரும். அவருக்குப் பிள்ளை இல்லையே என்று இரங்க வேண்டிய நான், சம்பளமும் அவருக்கு, சாயங்காலமும் அவருக்கு, இப்போது என் பிள்ளையுமா என்று பொருமினேன்.

அப்போதுதான் அக்காவுக்கு வடக்கே தூரத்தில் இருக்கிற மாயாபந்தருக்கு மாற்றல் வந்தது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், ஒளிப்பானேன்? அந்தச் சந்தோஷம் அன்று சாப்பாடு வரைக்கும்கூட நிற்கவில்லை. பரிமாறிக்கொண்டே, எங்கள் தீவு வழக்கப்படி இந்தி கலந்து அக்கா சொன்னார்:

“லீமா, பாப்பா என்கூட வரட்டும். ஏக் சால் தானே. அங்க நல்ல ஸ்கூல் இருக்கு. நீயும் ஆராம்ஸே, நிம்மதியா வேலை பாக்கலாம்.”

ஜெனி சரி என்று தலையாட்டினாள். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வருடம்தானே, யோசிக்கலாமே என்றார் என் கணவர். நான் தட்டைக் கழுவ எழுந்துவிட்டேன்.

அன்றிலிருந்து அடுப்படியில் மாதா படத்துக்கு முன்னால் அழுதேன். ஆண்டவரே, அவள் என் பிள்ளை, அவரிடம் விட்டுவிடாதேயும் என்று கெஞ்சினேன். அதே மூச்சில் நல்ல வேலையாகக் கொடும் என்றும் கேட்டேன். சம்பாத்தியம் கூடினால் பிள்ளை என் பக்கம் சாய்வாள் என்று நினைத்தேன்.

வேலை வந்தது. அதுவரை எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய வேலை. ஒரு கம்பெனியின் எல்லா வீடியோவுக்கும் நான்தான் எழுத வேண்டும். முதல் தொகுப்பை அனுப்ப வேண்டிய நாள், மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. நெட் போய்விட்டது. குடையைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினேன், கீழே கடைத்தெருவுக்கு ஓடினேன். ஊர் முழுக்க எங்குமே இல்லை. நனைந்து திரும்பி வந்து, கோபத்தோடு ஜெபத்தில் உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டு வழக்கம், ஜெபமாலையில் தேவ இரகசியம் என்கிற ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் ஒருவர் தன் விண்ணப்பத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஜெனியின் முறை வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னாள்:

“யேசப்பா, நெட் போனதுக்கு தேங்க்யூ. அம்மா வந்துட்டாங்க. நாளைக்கும் நெட் வேண்டாம்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்காவைப் பார்த்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்:

“தினமும் இதைத்தான் கேக்கிறா, லீமா. உன் காதுல விழுந்தா மனசு நோகுமேன்னு, நான்தான் மெல்லச் சொல்லுன்னு சொல்லி வெச்சிருந்தேன்.”

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆண்டவர் மேலேயே கோபம். நான் இத்தனை நாள் அழுது கேட்க, இந்தச் சுண்டைக்காய் கேட்டதுதான் அவருக்குக் கேட்டதா? பிறகுதான் மண்டையில் உறைத்தது. நான் பொறாமைப்பட்ட அந்த மடியில் உட்கார்ந்து, என் மகள் இவ்வளவு நாளும் என்னைத்தான் கேட்டிருக்கிறாள். நான் அழுததும் அதற்குத்தானே? உடைந்துபோய் அழுதேன். ஜெனி தவழ்ந்து வந்து என் ஈரச் சேலையில் ஒட்டிக்கொண்டு, என் காதில் கேட்டாள்:

“நான் மாயாபந்தர் போகலன்னா பெரியம்மா அழுவாங்களாம்மா?”

காதில் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. அக்கா ஜெபமாலையைக் கையில் சுருட்டிக்கொண்டார்.

“அழுவேன்டி. அழுதுட்டு வேலைக்குப் போயிடுவேன். நீ அம்மாகூட இரு.”

மறுநாள் நெட் வந்ததும் எழுதியதை அனுப்பிவிட்டு, அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டேன். இனி சாயங்காலம் என்னால் முடியாது, எங்களுக்கு முதலில் விடிகிறது, உங்கள் ஆபீஸ் திறப்பதற்குள் வேலை உங்கள் கையில் இருக்கும் என்று சொன்னேன். வள்ளென்று விழுந்துவிட்டு, கடைசியில் சரி என்றார்கள். வேலை தந்துகொண்டிருந்த வேறு இரண்டு கம்பெனிக்காரர்கள் என்னை விட்டுப் போனார்கள். வரும்படி குறைந்தது உண்மை. ஆனால் குடும்பம் நடக்கிறது, ஆண்டவர் குறை வைக்கவில்லை.

பொறாமை அடியோடு போய்விட்டது என்று சாட்சி சொன்னால் அது பொய்ச்சாட்சி. மாயாபந்தரிலிருந்து லீவுக்குப் பெரியம்மா வருகிறார் என்றதும் ஜெனி குதிக்கிற குதியைப் பார்த்தால் இன்றைக்கும் சுருக்கென்கிறது. அதையும் ஆண்டவரிடமே சொல்கிறேன்.

ஜெபம் கேட்கப்படவில்லையே என்று வாடுகிறவர்களே, விட்டுவிடாதீர்கள். நீங்கள் கேட்பதையே உங்கள் வீட்டில் இன்னொரு வாயும் கேட்டுக்கொண்டிருக்கலாம். பக்கத்தில் போய் உட்காருங்கள். ஆண்டவர் கைவிடமாட்டார்.

இப்போது என் முறை வந்தால் முதல் விண்ணப்பம் ஸ்டெல்லா அக்காவுக்குத்தான். மாயாபந்தரில் சாயங்காலம் அவருக்குத் தனியாகக் கழியக்கூடாது ஆண்டவரே என்று கேட்கிறேன். மடியில் ஜெனி இருக்கும்போது அதைக் கேட்பது எனக்குச் சுலபமாக இருக்கிறது.