முதல் பறிப்பு முடியட்டும்

ஷிமாதா ஊர்த் தேயிலைச் சந்தையில் ஹிசானோவின் நாக்குக்கு மறுபேச்சு கிடையாது. ஒரு மடக்கு உறிஞ்சித் துப்புவாள். எந்த மலைச் சரிவில் பறித்த இலை, எத்தனை நொடி ஆவியில் வெந்தது என்று சொல்லிவிடுவாள். கணவர் மொரிஇச்சியின் ஆலைத் தேயிலைக்கும் அதே கறார்தான்.

ஜனவரியில் பல் டாக்டர் அவள் மேலண்ணத்தில் எள்ளளவு கருப்பைப் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் ஒட்டிக் கொடுத்து உடனே போகச் சொன்னார். ஹிசானோ கிளம்பத்தான் இருந்தாள். மொரிஇச்சிதான் சிரித்தார். முப்பது வருஷமாகத் தேநீர் கொப்பளிக்கிற வாய் வெள்ளையாகவா இருக்கும்?

"கறைதான். முதல் பறிப்பு முடியட்டும், போவோம்."

தேயிலைக்காரர்கள் வசந்தத்தில் வரும் முதல் பறிப்புக்காக எதையும் தள்ளிப்போடுவார்கள், கல்யாணம் உட்பட. ஜூனில் போனபோது எள் புளியங்கொட்டையாகியிருந்தது. கழுத்தில் நெறி கட்டியிருந்தது. மெலனோமா என்றார் டாக்டர், தோலில் வருகிற கருப்புப் புற்று வாய்க்குள் வந்திருக்கிறதாம். அறுத்தால் மேல்தாடையில் பாதி போகும். கனத்த அயனிக் கதிர் என்கிற கதிர்வீச்சு வைத்தால் தாடை தப்பும். எது செய்தாலும் ஐந்து வருஷம் தாண்டுகிறவர்கள் பத்தில் மூன்று பேர் என்றார்.

ஹிசானோ கதிரைத் தேர்ந்தெடுத்தாள். கழுத்து நெறியை மட்டும் வெட்டி எடுத்தார்கள். கருப்பு மங்கியது. எச்சிலும் வற்றியது, சுவையும் போயிற்று. அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில் புற்று நுரையீரலில் தெரிந்தது. நரம்பில் ஏற்றிய புது மருந்தும் பலிக்கவில்லை.

மொரிஇச்சிக்குச் சோறு இறங்கவில்லை. ஜனவரியிலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரைத் தனியாகக் கேட்டார். உறுதியாகச் சொல்ல முடியாது, வாய்ப்பு கூடியிருக்கும் என்றார் அவர். அந்த வார்த்தை மொரிஇச்சியை அரித்தது. பாவி, ஒரு கறையென்று சொல்லி அவளைக் கொன்றுவிட்டேனே என்று ஆலைக்குள் தனியாக நின்று அழுதார்.

கடைசி வாரம், கட்டிலருகே அதைச் சொல்லிவிடத்தான் வாயெடுத்தார். ஹிசானோ முந்திக்கொண்டாள்.

"ஜனவரிலயே நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தேங்க. உங்ககிட்ட சொல்லல. அப்பவே பரவிருச்சுன்னுட்டாங்க. நீங்க சொன்னதால ஒண்ணும் கெட்டுப்போகல."

பல் டாக்டர் ஒட்டிக் கொடுத்த கடிதம் ஜூன்வரை பிரிக்காமல் மொரிஇச்சியின் மேஜையில்தான் கிடந்தது. அதை ஆஸ்பத்திரியில் நீட்டியவரும் அவர்தான்.

"அப்படியா," என்றார் மொரிஇச்சி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு.