சாயாத சீட்டு

காரிலிருந்து கழற்றிய பழைய சீட்டு கூடத்தில் கிடந்தது. மெக்கானிக்கின் மனைவி அதை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். டிவி பார்க்க உட்காரவாவது ஆகும் என்பது அவள் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமைக் கார் பந்தயத்துக்கும் மற்ற நாள் கடைத்தெருவுக்கும் அவர்களிடம் இருந்தது ஒரே கார்தான். போன வாரம் பந்தயக் கார் சீட்டு வாங்கப் போன மெக்கானிக்குக்குக் கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்று பின்னால் சாயும், ஏறி இறங்கச் சுலபம். மற்றது சாயாது, இரண்டு பக்கமும் மதில் போல எழும்பி, வளைவில் ஆளை அசையவிடாது.

"வீட்டுல யாராச்சும் ஏறுவாங்கன்னா சாயறதையே எடுங்க சார்," என்றார் அவர்.

இவன் சாயாததில் ஒரு ஜோடி எடுத்தான். நம்ம காருக்கு இதுதான் பொருந்துமாம் என்று மனைவியிடம் வாய் கூசாமல் சொல்லியும் விட்டான்.

அவளுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி நாலு மாதம்தான். இன்று காலை காரிலிருந்து இறங்கும்போது காலைக் கையால் தூக்கி வெளியே வைத்தவள், "ரெண்டு புள்ள பெத்தது இதைவிடச் சுலபங்க," என்று சிரித்தாள்.

இப்போதும் துடைத்தபடியே சொன்னாள்: "பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க. கார் அப்படி."

அந்தப் 'பாவம்' கேட்டதும் அவன் அவளெதிரே வந்து உட்கார்ந்தான்.

"சாயறதும் பொருந்தும். நான்தான் பொய் சொன்னேன். நாளைக்கே மாத்திடவா?"

அவள் துணியைப் பிழிந்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு, காலைச் சற்றே இழுத்தபடி கூடத்தை விட்டுப் போனாள்.