குளுக்கோஸ் பாட்டில் வெளிச்சம்

மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்குள்ளேயே மஞ்சு வந்துவிடும். கூடலூர்ப் பக்கம் பனிமூட்டத்துக்கு அதுதான் பேர். கதவிடுக்கில் நுழைந்து, அடுப்புப் புகையோடு கலந்து, ஈரக் கம்பளி வாடையைச் சுமந்துகொண்டு ஓட்டுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். அதற்குள் டார்ச் அடித்தால் வெளிச்சம் ஒரு வெள்ளைக் கழியாக நிற்கும். கையால் பிடித்துவிடலாம் என்று தோன்றும். நானும் தம்பி குட்டியும் பலமுறை பிடித்துப் பார்த்திருக்கிறோம். கை நனைந்ததுதான் மிச்சம்.

தேவாலாவுக்கு மேலே, எஸ்டேட் 'லைன்' வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கப் போவாள். ஆனி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் எங்காவது ஒரு மரம் விழுந்து கம்பி அறும், கரண்ட் வர நாலு நாளும் ஆகும், பத்து நாளும் ஆகும். மெழுகுவர்த்தி வைத்துக்கொள்ள அம்மா விடமாட்டாள், ஏனென்றால் குட்டி ஒருமுறை போர்வையைப் பற்ற வைத்திருந்தான். ஆகவே வீட்டில் இருந்த ஒரே வெளிச்சம் அப்பா வாங்கி வந்த டார்ச்தான். மூன்று பேட்டரிக் கட்டை போடுவது, எல்.இ.டி., கண்ணாடிக்குப் பின்னால் பளபளவென்று ஒரு குழி. அம்மா அதை 'டோர்ச்' என்பாள். இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம், வந்தபோது கொண்டுவந்த பெட்டி எப்போதோ உளுத்துப்போனாலும் சொற்கள் மட்டும் அப்படியே இருந்தன.

அந்த டார்ச்சுக்கு எங்கள் வீட்டில் ஒரு ஒப்பந்தம் உண்டு. சாயங்காலம் பிள்ளைகளுக்கு, விடியற்காலை அம்மாவுக்கு. காலையில் ஆள் எடுக்கிற இடத்தை 'பெரட்டு' என்பார்கள், அங்கே நேரத்துக்குப் போய் நிற்காவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது. மழைக்காலத்தில் அந்த நேரம் இருட்டாகவே இருக்கும். பெண்கள் ஐந்தாறு பேர் வரிசையாகப் போவார்கள். முன்னால் போகிறவள் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் நின்று, நீட்டமாக டார்ச் அடித்து, பாதை முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பாள். யானையை அங்கே யாரும் யானை என்று சொல்வதில்லை, 'பெரியவரு' என்பார்கள். பெரியவர் அசையாமல் நின்றால் பாறைக்கும் அவருக்கும் வித்தியாசம் தெரியாது. "நேத்து இல்லாத பாறை இன்னிக்கு இருந்தா, பேசாம திரும்பி நட" என்பது லைனில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நடை பழகும்போதே சொல்லித் தருகிற பாடம். அதனால்தான் அப்பா தேடிப் பிடித்து, தூரத்துக்கு அடிக்கிற டார்ச்சாக வாங்கி வந்தார்.

தூரத்துக்கு அடிக்கிற டார்ச் வீட்டுக்குள் ஒரு தொல்லை. எங்கள் வீட்டின் நீளமே பதினைந்து அடி. சுவரில் அடித்தால் தட்டு அளவுக்கு ஒரு வட்டம் கண் கூசும், அதைச் சுற்றி எல்லாம் முன்பைவிட இருட்டாகிவிடும். புத்தகத்தில் அடித்தால் ஒரு சொல் எரியும், பக்கத்துச் சொல் தெரியாது. குட்டியின் நிழல் கூரை வரைக்கும் எழுந்து நிற்க, ஐந்து வயதுப் பயல் தன் நிழலைப் பார்த்துத் தானே அலறுவான். எனக்குப் பன்னிரண்டு வயது, அவன் அலறலை நிறுத்துகிற பொறுப்பு என் தலையில். இந்த வெளிச்சத்தை எப்படியாவது பரத்திவிட வேண்டும் என்று எனக்கு அப்போது பிடித்த பைத்தியம் அந்த ஆடி மாதம் முழுக்க விடவில்லை.

முதலில் நோட்டுத் தாளைச் சுற்றினேன். வெளிச்சம் மஞ்சள் காமாலை பிடித்ததுபோல் சோர்ந்து விழுந்தது. பால் கவரைக் கட்டியபோது அதன் நீல எழுத்துகள் கூரையில் பூதாகாரமாக வந்து நின்றன, குட்டி அவற்றை எழுத்துக்கூட்டி வாசித்துச் சிரித்தான், ஆனால் நடுவில் இருந்த கண்கூசும் பொட்டு போகவில்லை. வெள்ளைக் 'கேரி பேக்' ஒரு மடிப்பு போட்டால் பொட்டு தெரிந்தது, இரண்டு மடிப்பு போட்டால் வீடு சாம்பல் நிறமானது. தயிர் டப்பாவைக் கவிழ்த்தால் வெளிச்சம் டப்பாவுக்குள்ளேயே குடியிருந்துகொண்டு வெளியே வர மறுத்தது. இப்படி ஒவ்வொன்றாகக் கெடுத்துத்தான் ஒரு விஷயம் விளங்கிற்று. கவிழ்க்கிற பொருள் பாலாகவும் இருக்கக்கூடாது, தண்ணீராகவும் இருக்கக்கூடாது, நீர்மோர் மாதிரி இருக்க வேண்டும். டார்ச் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டும் இருக்கக்கூடாது, ஒரு விரல் இடைவெளி வேண்டும், அந்த இடைவெளியில்தான் வெளிச்சம் கை கால் நீட்டிக்கொள்கிறது.

அந்த நீர்மோர் எஸ்டேட் 'டிஸ்பென்சரி'யில் கிடைத்தது. குட்டிக்குக் காய்ச்சல் வந்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். காலி பாட்டிலை அவன் கேட்டு அழ, நர்சம்மா கழுவி அவன் கையில் கொடுத்தாள். மூன்றாம் நாள் அவன் தூங்கும்போது கத்தியை அடுப்பில் காய்ச்சி அதன் அடிப்பாகத்தை அறுத்து எடுத்துவிட்டேன். துரோகம்தான், மறுக்கவில்லை. உட்புறத்தைப் பாத்திரம் தேய்க்கிற சாம்பலால் தேய் தேயென்று தேய்த்தேன். டார்ச் தலையில் கவிழ்த்தபோது அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது.

அன்று சாயங்காலம் டார்ச்சை விட்டத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுப் போட்டேன். வட்டம் இல்லை, பொட்டு இல்லை, நிழலுக்கு விளிம்பு இல்லை. வீட்டுக்குள் தொங்கிய மஞ்சு மொத்தமும் வெளிச்சமாகிவிட்டது. அடுப்பு, அரிசி மூட்டை, கொழுந்து எடுக்கும்போது அம்மா இடுப்பில் சுற்றிக்கொள்கிற, கொடியில் காய்ந்துகொண்டிருந்த படங்கு, குட்டியின் வாய் ஓரத்துச் சோறு எல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்தன. நாங்கள் மூவரும் பாலுக்குள் உட்கார்ந்திருந்தோம். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்திவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள்.

"வீடு பெருசாயிருச்சு புள்ள" என்றாள்.

பாராட்டெல்லாம் அவளுக்கு வராது, அதுதான் பாராட்டு. அதற்குப் பிறகு ஒரு பத்து நாள் நாங்கள் கரண்ட் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டோம். படுக்கும் முன் டார்ச் தலையில் கவிழ்த்த அந்த மூடியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, டார்ச்சை மட்டும் கதவுப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட வேண்டும், அது என் வேலை. மூடியைப் பிடித்திருந்தது ஒரு சைக்கிள் டியூப் துண்டு. குட்டி அதை இழுத்து இழுத்து விட்டதில் ஒரு நாள் அது அறுந்தது. டிஸ்பென்சரியில் குட்டியின் கையில் குளுக்கோஸ் ஊசியை ஒட்டியபோது மிஞ்சிய 'பிளாஸ்டர்' ஒரு சாண் வீட்டில் இருந்தது, அதைச் சுற்றி ஒட்டினேன். இரும்பாய்ப் பிடித்துக்கொண்டது.

படுக்கப் போகும்போது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் மறக்கவில்லை. பிரித்தால் பிளாஸ்டர் வீணாகும், மறுபடி ஒட்டாது, நாளைக்கு வீடு பழையபடி இருட்டாகும். ஒரு நாள் இப்படியே இருந்தால் என்ன, அம்மாவுக்கும் வெளிச்சம் தெரியத்தானே போகிறது என்று நினைத்து, மூடியோடு ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்தேன்.

விடிந்தும் விடியாமல் பக்கத்து வீட்டு ராணியக்காவின் குரலில்தான் எழுந்தேன். அம்மாவை இரண்டு பேர் தோளில் தாங்கிக்கொண்டு வந்தார்கள். வலது கால் திரும்பாத பக்கம் திரும்பியிருந்தது. சில்வர் ஓக் மரங்கள் நிற்கிற வளைவில் பெரியவர் நின்றிருக்கிறார். அம்மாதான் முன்னால். பத்தடிக்குள் போன பிறகே பார்த்திருக்கிறாள். அவர் ஒன்றும் செய்யவில்லை, காதை மட்டும் ஆட்டியிருக்கிறார். பின்னால் வந்தவர்கள் திரும்பி ஓட, அம்மா சரிவில் குதித்துத் தேயிலைக்கு நடுவே வெட்டியிருந்த 'கானு'க்குள், அந்த ஆழமான தண்ணீர் வாய்க்காலுக்குள், விழுந்துவிட்டாள்.

நான் அம்மாவின் காலைப் பார்க்கவில்லை. ராணியக்காவின் கையில் இருந்த டார்ச்சைப் பார்த்தேன். அதில் மூடி இல்லை. கண்ணாடியைச் சுற்றிப் பிளாஸ்டரின் பிசுக்கு மட்டும் இருந்தது. விழுந்த வேகத்தில் தெறித்துக் கானோடு போயிருக்கும், யாருக்கும் தெரியாது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காக இன்றுவரை என்மேல் எனக்கு அருவருப்பு உண்டு.

எஸ்டேட்டில் வேலை வாங்குகிற மேஸ்திரி வந்து சத்தம் போட்டார். "டார்ச் வெச்சுக்கிட்டு என்னம்மா பண்ணுனீங்க? வளைவுக்கு அடிச்சுப் பாக்கலீங்களா?"

"கட்டை இறங்கிப் போச்சுங்க" என்றாள் அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு.

கட்டை இறங்கவில்லை. போன வாரம்தான் மாற்றியிருந்தோம். பரத்தி விட்ட வெளிச்சம் பக்கத்தில் இருப்பதையெல்லாம் காட்டும், தூரத்தில் இருப்பதைக் காட்டாது. இது தெரிய பெரிய படிப்பு வேண்டாம், அந்த மாதம் முழுக்க நான் கண்ணால் பார்த்ததுதான். மஞ்சு அடர்ந்திருந்தால் நேர் வெளிச்சமும் எட்டியிருக்காது என்று என்னை நானே தேற்றிக்கொண்டதுண்டு. ஆனால் அன்று வளைவில் மஞ்சு விலகித்தான் இருந்தது என்று ராணியக்கா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கூடலூரில் மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டுப் பிரித்தபோது கால் கொஞ்சம் கோணலாகவே கூடியிருந்தது. அதன் பிறகு அம்மாவால் சரிவான காடுகளில் ஏறிக் கொழுந்து எடுக்க முடியவில்லை. பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வைத்தார்கள், பிறகு அதுவும் நின்றது. அவள் விந்தி விந்தித் தண்ணீர் எடுத்து வருவதைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். சொல்லவில்லை. இனி நன்றாகப் படிப்பேன், குட்டியை அடிக்கமாட்டேன், தண்ணீர் நானே எடுப்பேன் என்று அவளுக்குத் தெரியாமல் தவணை முறையில் பரிகாரம் செய்துகொண்டிருந்தேன்.

இப்போது நான் கோவையில் ஒரு பள்ளியில் அறிவியல் சொல்லித்தருகிறேன். அம்மா என்னோடு இருக்கிறாள். சென்ற மாதம் மாணவிகளோடு முகாம் போக டார்ச் வாங்கப் போன கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளை வெள்ளையாய் ரப்பர் மூடிகள் அடுக்கியிருந்தன.

"அது டிஃப்யூசருங்க. டார்ச் மேல மாட்டுனா வெளிச்சத்தப் பரத்தி உடுமுங்க" என்றார் கடைக்காரர்.

நான் சாம்பல் போட்டுத் தேய்த்ததற்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது. நாலைந்தைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். ஒன்று பாலாக இருந்தது, ஒன்று தண்ணீர். நீர்மோராய் இருந்ததை எடுத்துக்கொண்டு, "இது ஒரு கையில கழட்ட வருமாங்க?" என்று கேட்டேன். அவர் விசித்திரமாகப் பார்த்தார். கடையிலேயே இருபது தடவை மாட்டிக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன்.

அன்று சாயங்காலம் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீ செஞ்சதுதான் நல்லாருந்துச்சு" என்றாள்.

"அது அந்தக் கானோட போயிருச்சே" என்றேன், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"எங்க போச்சு? ராணி இறங்கி வர்றதுக்குள்ள நான்தானே பிச்சு எடுத்து மடிக்குள்ள சொருகிக்கிட்டேன். மேஸ்திரி பாத்தா புள்ளைய நாலு வார்த்தை கேப்பான்ல. அப்புறம் அடுப்புல போட்டுட்டேன்."

விழுந்த பிறகு, கால் ஒடிந்து கிடந்த நிலையில், அதைச் செய்திருக்கிறாள். எப்போது பார்த்தாய் என்று கேட்டேன்.

"ஆணியில இருந்து எடுக்கறப்பவே பாத்தேன். கழட்டலாம்னுதான் போனேன். வாசல்ல ஒரு தடவ போட்டுப் பாத்தேன் புள்ள. மஞ்சு பூரா வெள்ளையா, ரெண்டு பக்கமும் செடி, எல மேல தண்ணி, எல்லாம் தெரியுது. இருவது வருசமா அந்தப் பாதையில போறேன். முன்னாடி ஒரு வட்டம், அதுக்குள்ள என் காலு, அவ்வளவுதான் பாத்திருக்கேன். வளைவு வரைக்கும் நூறடிதானே, இப்படியே போவோம், அங்க போயி கழட்டிக்கலாம்னு நெனச்சேன். பாத்துக்கிட்டே போனதுல வளைவு வந்தது தெரியல."

அந்த லைன் வீடுகள் இப்போது இல்லை. ஆட்கள் போன பிறகு ஓட்டைப் பிரித்துவிட்டார்கள், சுவர்களை லண்டானாப் புதர் மூடிவிட்டது. பாதையின் குறுக்கே சோலார் வேலி வந்துவிட்டது, சில்வர் ஓக் வளைவில் நடப்பதற்குப் பெரியவரைத் தவிர யாரும் இல்லை. குட்டி பெங்களூரில் இருக்கிறான், அவனுக்குப் பாட்டில்கூட ஞாபகம் இல்லை. நான் மட்டும்தான் அந்தக் குற்றத்தைப் பத்திரமாக வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கால் வலிக்கறப்ப என்மேல கோவம் வந்ததில்லையாம்மா?" என்று கேட்டேன். இல்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன், எல்லா அம்மாக்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

"வரும். மழைக்காலத்துல நல்லா வரும்" என்றாள் அம்மா, டார்ச்சைக் கூரைக்குத் திருப்பிக்கொண்டே. "அப்புறம் அந்த நூறடி ஞாபகம் வரும். போயிரும்."