பேய் பிடிச்ச கைன்னு சொன்னாங்க

என் ரெண்டு கையும் வெடிச்சு நீர் வடிஞ்சது. முகம் வீங்கி, கண்ணைத் திறக்க முடியலை. எண்பதுகள்ல, மலேசியாவுல கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்து, ரப்பர் கையுறை கம்பெனியில சேர்ந்த புதுசுல ஆரம்பிச்சது அது.

டவுன் கிளினிக்குல வாராவாரம் ஊசி. ரெண்டு நாள் அடங்கும், திரும்ப வரும். தோடு அடகுக்கடைக்குப் போச்சு. அப்புறம் வளையல். மூணு வருஷம் அரிச்சா மனுஷி என்ன ஆவா? தூக்கம் போச்சு. சோறு இறங்கலை. சுவத்தைப் பார்த்தே உட்கார்ந்திருப்பேன். செத்துடலாம்னுகூட நெனைச்சேன், மறைக்க மாட்டேன். கடைசியில அந்த டாக்டரே, "எல்லாம் உன் மனசுலதான்மா"ன்னு தூக்க மாத்திரை கொடுத்தார். நாத்தனார் என் வீட்டுக்காரர்கிட்ட, "அண்ணே, இவளுக்குப் பேய் பிடிச்சிருக்கு. மந்திரிக்கணும்"னா.

தைப்பூசம் முடிஞ்ச வெள்ளிக்கிழமை மாரியம்மன் முன்னால போய் நின்னேன். கையைச் சேர்த்துக் கும்பிட முடியலை, அவ்வளவு எரிச்சல். "அம்மா, நான் பொய் சொல்லலை. உனக்குத் தெரியும். சொகத்தைக் கொடு. இல்லே, எதிர்த்துக் கேட்க வாயையாவது கொடு"ன்னு சண்டை போட்டேன்.

அம்மா வாயைத்தான் முதல்ல கொடுத்தா.

திங்கக்கிழமை கவர்மெண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். அங்கேயும் ஒரு டாக்டர் என் கிளினிக் கார்டை மட்டும் பார்த்துட்டு, "நரம்புத் தளர்ச்சி, போகலாம்"னார். நான் எந்திரிக்கலை. "என் கையைப் பார்க்காம போக மாட்டேன் லா!"ன்னு கத்தினேன். சத்தம் கேட்டு அடுத்த அறையிலிருந்து ஒரு பொம்பளை டாக்டர் வந்தாங்க. தமிழ்க்காரங்கதான். கையைப் பிடிச்சுப் பார்த்துட்டு, "அக்கா, என்ன வேலை செய்றீங்க?"ன்னாங்க. மூணு வருஷத்துல யாருமே கேட்காத கேள்வி.

எது எனக்கு ஒத்துக்கலைன்னு பார்க்க முதுகுல வரிசையா மருந்து ஒட்டி, ரெண்டு நாள் கழிச்சுப் பிரிச்சாங்க. கையுறையில கலக்குற மருந்து பட்ட இடம் மட்டும் சிவந்து தடிச்சிருந்தது. "இது அலர்ஜி. இத்தனை நாள் அரிச்சதுல மனசும் நொந்து போச்சு. ரெண்டுக்கும் மருந்து இருக்கு"ன்னாங்க. அங்கேயே அழுதேன். ஆஸ்பத்திரிச் சீட்டுக்குக் கட்டின பணம் ஒரே ஒரு மலேசிய வெள்ளி.

அந்த வேலையை உதறிட்டு பிஸ்கட் கம்பெனியில சேர்ந்தேன். கை ஆறிச்சு. மனசு ஆற இன்னும் ஒரு வருஷம் ஆச்சு. மனசுக்கு அந்தப் பொம்பளை டாக்டர் கொடுத்த மாத்திரையையும் வெட்கப்படாம முழுங்கினேன். "பேய் போயிருச்சா?"ன்னு நாத்தனார் கேட்டா. "வந்தாத்தானே போறதுக்கு"ன்னேன்.

ஆத்தா, உனக்கு என் ஆயுசு முழுக்க நன்றி. அக்கா தங்கச்சிங்களே, அவகிட்ட அழுங்க, சண்டையும் போடுங்க. கோவிச்சுக்க மாட்டா. ஆனா யாரோ பைத்தியம்னு சொன்னதுக்காகத் தலையைக் குனியாதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க. தனியா போகப் பயமா இருந்தா என்னைக் கூப்பிடுங்க. பஸ் ஏறி நான் வாரேன்.